சீல் பிரியாத நாற்பத்தோரு உறைகள்

“பிரிச்சியா? ஏட்டி, உள்ளதச் சொல்லு, நீ பிரிச்சியா?”

“பிரிச்சேன். அதுக்கு இப்பம் என்ன, போலீசக் கூப்பிடப் போறியளா?”

“நகத்தால கீறினியா, கத்தியால அறுத்தியா?”

“பல்லால கடிச்சேன்.”

பிபின் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அறுபத்தேழாம் வருசத்துப் பாட்டுத்தட்டுட்டி அது!”

“அறுபத்தேழுல உங்க அப்பனுக்கே மீச மொளைக்கல்ல. போன மாசம் பார்சல்ல வந்த சாதனம்லா இது?”

“மறுபதிப்பு! தட்டு மட்டுமே நூத்தியெம்பது கிராம்!”

“நூத்தியெம்பது கிராம் சிப்ஸ் வாங்கித் தந்திருந்தா நான் ஏன் இதைக் கடிக்கப் போறேன்?”

ஏழு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி பிரிஜா போட்ட சத்தம் கடியப்பட்டணம் கோயில் முக்குவரை கேட்டது. கேட்காதவர்கள் பக்கத்தில் வந்து கேட்டார்கள்.

இசையின் வரலாற்றை மூன்று யுகங்களாகப் பிரிக்கலாம். முதல் யுகத்தில் மனிதன் பாடினான். இரண்டாம் யுகத்தில் பிறர் பாடுவதைக் கேட்டான். பாடாமலும் கேட்காமலும் இசையைப் பத்திரமாக வைத்திருக்கும் மூன்றாவது யுகம், உலகில் வேறெங்கும் தோன்றுவதற்கு முன்பு, 2011ஆம் ஆண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில் தோன்றியது. ‘குமரி மாவட்ட வினைல் மறுபதிப்புக் காப்பு மன்றம்’ என்று அதற்குப் பெயர்.

அந்தக் காலத்து ஆங்கிலப் பாப், ராக் பாட்டுகளை வெளிநாட்டுக் கம்பெனிகள் மறுபடியும் கறுப்புத் தட்டில் அச்சடித்து, பளபளக்கும் அட்டையில் போட்டு, மேலே கண்ணாடித்தாள் ஒட்டி விற்கின்றன அல்லவா? அவற்றைச் சேகரிப்பதே மன்றத்தின் நோக்கம். தலைவர் வைகுண்டராஜன், கொட்டாரத்துக்காரர், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். முப்பத்தோரு வருடம் பிறர் பத்திரங்களில் முத்திரை குத்திய கை, ஓய்வுக்குப் பிறகு முத்திரைகளைக் காக்கும் கையாக உயர்ந்தது. பொருளாளர் நஸீம், குளச்சலில் செல்போன் கடை வைத்திருப்பவன். செயலாளர் பிபின், ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவன். உறுப்பினர் அனிஷ். தீர்மானங்களை வழிமொழிய ஓர் ஆள் வேண்டியிருந்ததால் அவன் சேர்க்கப்பட்டான். மூன்று வருடமாக அப்பழுக்கில்லாமல் வழிமொழிந்து வந்தான்.

மன்றத்தின் விதிகளைத் தலைவரே இயற்றினார். ஒன்று: எந்தத் தட்டின் சீலும் உடைக்கப்படக் கூடாது. இரண்டு: தட்டு ஓட்டும் பிளேயரை உறுப்பினர் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, சபலம் வரும். மூன்று: தட்டுகள் இருபத்தோரு டிகிரி குளிரில் இருக்க வேண்டும். நான்கு: உறையில்லாத தட்டைக் கண்ணால் பார்ப்பதும் குற்றம். ஐந்து: தட்டுகளைத் தலைவர் மூலமாகவே பெற வேண்டும். தலைவரின் மருமகன் லண்டனில் இருந்தார். அவர் அனுப்புவதைத் தலைவர் உறுப்பினர்களுக்கு ‘ஒதுக்கீடு’ செய்வார். விற்பனை என்ற கொச்சையான சொல்லை மன்றத்தில் யாரும் பயன்படுத்தியதில்லை.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்த பிறகு, பிபின் வீட்டு ஏ.சி. அறையில் கூட்டம் நடக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒரு தட்டை, அதாவது அதன் அட்டையை, நிமிர்த்தி வைப்பார்கள். அதே பாட்டை நஸீம் தன் செல்போனில் ஓடவிடுவான். நான்கு பேரும் அட்டையைப் பார்த்தபடி செல்போனைக் கேட்பார்கள்.

“சூடு தெரியுதா?” என்பார் தலைவர்.

“தெரியுது சார். செல்போன்ல இந்தச் சூடு வராது” என்பான் செல்போனைப் பிடித்திருக்கும் நஸீம்.

பிறகு அட்டை கைமாறும். ஒவ்வொருவரும் மூக்கருகே கொண்டுபோய் ஆழமாக முகர்வார்கள்.

“இது என்ன மணம் சார்?”

“லண்டன் மழை” என்பார் தலைவர், கண்களை மூடி.

“வழிமொழிகிறேன்” என்பான் அனிஷ்.

இதையெல்லாம் பிரிஜா கூடத்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மஸ்கட்டில் ஸ்டாப் நர்சாக எட்டு வருடம் இரவு டியூட்டி பார்த்தவள். அந்த ஏ.சி.யை அனுப்பியவளும் அவள்தான். தாயில்லாதவள் என்பதால் பேறுகாலத்துக்குப் புருசன் வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்த அன்று பெட்டியோடு நேராக அந்த அறைக்குப் போனாள். உள்ளே பிபினுக்கு ஒதுக்கீடான நாற்பத்தோரு தட்டுகள் குளிரில் நிம்மதியாகப் படுத்திருந்தன. கட்டில் கூடத்துக்கு மாறியிருந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த அறை. இப்போது அவளுக்கு, ஆடி பிறந்ததும் பிள்ளைக்கு.

பிபின் கல்நெஞ்சக்காரன் இல்லை. கோரிக்கையை எழுதி வாங்கி மன்றத்தின் முன் வைத்தான். மன்றமும் பரிவோடு பரிசீலித்தது. ‘மனித உடலின் வெப்பம் முப்பத்தேழு டிகிரி, கர்ப்பிணி என்றால் இரண்டு உடல், தட்டுகள் வளைந்துபோகும் அபாயம் கருதி மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. தாய்க்கும் சேய்க்கும் மன்றத்தின் வாழ்த்துகள்.’ கீழே நான்கு கையெழுத்து. அதில் ஒன்று புருசனுடையது.

2014 மே மாதம் அது. மணவாளக்குறிச்சிக்குப் போகும் பஸ்ஸில்கூட யாரும் ஜன்னலோர சீட்டுக்கு அடிபிடி போடாத வெயில். ஒரு சனிக்கிழமை பிபின் தேர்வு டியூட்டிக்குப் போன பிறகு, பிரிஜா சாவியைத் தேடி எடுத்து, கொஞ்ச நேரம் குளிரில் நிற்கலாம் என்று அறைக்குள் போனாள். அங்கேதான் அந்த மணம் வந்தது.

ஏழு மாதக்காரியின் மூக்கு. ஏமாற்ற முடியாது. கடல் பக்கமிருந்து கருவாட்டு மணம்தான் வரும். இது கொதிக்கும் தேங்காயெண்ணெயில் மஞ்சளாகப் பொரிந்து நிற்கும் நேந்திரங்காய் சிப்ஸ். ‘எனக்குத் தராம ஒளிச்சு வச்சுத் திங்குகாரா?’ அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். மேசைக்கடியில் பார்த்தாள். மணம் அவளை ஒரு தட்டின் முன் கொண்டுபோய் நிறுத்தியது. கடற்கரையில் குடை பிடித்து நிற்கும் நான்கு முடிவளர்த்த வெள்ளைக்காரர்கள். ‘தி வெட் அம்பிரெல்லாஸ்’. கண்ணாடித்தாளை மோந்தாள். சந்தேகமே இல்லை. கடித்தாள்.

உள்ளே சிப்ஸ் இல்லை என்பதுதான் அவளுக்கு முதல் வருத்தம்.

மத்தியானம் பிபின் வந்தான், சண்டை நடந்தது, அதைத்தான் கோயில் முக்குவரை கேட்டார்கள். அத்தனை துக்கத்திலும் அவன் விதியை மறக்கவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு, உறையில்லாத தட்டைத் தலை துவட்டும் துவர்த்தால் தடவிச் சுற்றி, தலைவருக்குப் போன் செய்தான்.

நான்கு மணிக்கு அவசரக் கூட்டம். தலைவர் கோப்போடு வந்தார்.

“சம்பவ நேரத்தில் செயலாளர் எங்கே இருந்தார்?”

“எக்ஸாம் ஹால்ல சார்.”

“அம்மா பிரிஜா, சீலை எதற்காக உடைத்தீர்கள்?”

“சிப்ஸ் மணம் வந்துது சாரே.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது லண்டன் மழையின் மணம்.”

“லண்டன்ல தேங்காயெண்ணெயா பெய்யுது?”

கதவருகே கூடியிருந்த தெரு சிரித்தது. சிரிப்பைக் குறிப்பில் ஏற்ற வேண்டாமென்று தலைவர் உத்தரவிட்டார்.

“தண்டனை என்னன்னு பொறவு எழுதுங்க” என்றாள் பிரிஜா. “உடைச்சது உடைச்சாச்சு. ஒரு தடவ கேட்டாவது பாப்போம். சிலுவைமுத்து அண்ணனை வரச் சொல்லியிருக்கேன்.”

கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டும் சிலுவைமுத்து, விற்கப்போனால் வாங்க ஆளில்லாத காரணத்தால் ஒரு பழைய பிளேயரை இன்னும் வைத்திருந்தார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். விதி இரண்டை மீறிய அந்தக் கருவி மேசையில் ஏறியதும் நான்கு உறுப்பினர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சிலுவைமுத்து துவர்த்தைப் பிரித்தார். தட்டைத் திருப்பினார். திருப்பிய கை நின்றது.

“மக்கா பிரிஜா, இது எனக்க தட்டுல்லா!”

“என்ன அண்ணே சொல்லுதிய?”

“இஞ்ச பாரு, செவப்பு பெயிண்டு. சி.மு. நூத்திப்பதினாலு. நான் எழுதினதாக்கும்.”

ஒரே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டு மைக் செட்டும் பெண் வீட்டு மைக் செட்டும் வந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று கலந்துபோகும். அதனால் மைக் செட்காரர்கள் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் தங்கள் பேரெழுத்தையும் எண்ணையும் பெயிண்டால் எழுதி வைப்பார்கள். அந்த எழுத்து அழியாது. லண்டன் போய் வந்தாலும் அழியாது.

“நூத்திப்பதினாலு பாட்டுத் தட்டு இல்ல கேட்டியளா. சுகாதாரப் பிரச்சாரத் தட்டு. ஒரு இன்ஸ்பெக்டர் சார் தந்து, ரெண்டு பாட்டுக்கு ஒருக்க இதைப் போட்டே தீரணும்னு நின்னாரு. நடுவுல ஒரு கீறல் உண்டு. அந்த எடத்துல நிக்கும்.”

ஊசியை வைத்தார். கரகரவென்று மழைபோல் ஒரு சத்தம். ‘லண்டன் மழை இதுவாகத்தான் இருக்கும்’ என்று நஸீமின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு ஒரு பெண் குரல், திருத்தமான தமிழில்:

“...ஆகவே கர்ப்பிணித் தாய்மார்களுக்குக் குளிர்ந்த, காற்றோட்டமான அறை கொடுங்கள். அறை கொடுங்கள். அறை கொடுங்கள். அறை கொடுங்கள்...”

“வழிமொழிகிறேன்” என்றான் அனிஷ், பழக்கத்தில்.

சிலுவைமுத்து ஊசியைத் தூக்கினார். “தொண்ணூத்தெட்டுல, எங்கிட்ட இருந்த தட்டையெல்லாம் கொட்டாரத்துல ஒரு சாருக்குத் தூக்கிக் குடுத்தேன். ரெஜிஸ்டர் ஆபீஸ் சார். வீட்டுல அலங்காரத்துக்குன்னு சொன்னாரு.” கண்ணைச் சுருக்கித் தலைவரைப் பார்த்தார். “சாரே, சுகமா? அப்பம் கண்ணாடி கெடையாது, அதான் ஆளு மனசிலாகல்ல.”

தலைவரின் மைத்துனருக்கு மார்த்தாண்டத்தில் சிப்ஸ் கடை இருப்பதும், அங்கே பாக்கெட்டுகளுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டும் மெஷின் இருப்பதும் ஊருக்கு முன்பே தெரியும். மருமகன் லண்டனிலிருந்து அனுப்பியது காலி அட்டைகளை என்பது அப்போது தெரிந்தது.

இந்த இடத்தில் சாதாரண மனிதர் யாராக இருந்தாலும் ஓடியிருப்பார். வைகுண்டராஜன் எழுந்து நின்றார்.

“சகோதரர்களே, விதி ஒன்றை நான் ஏன் எழுதினேன் என்று இப்போது விளங்கியிருக்கும். உடைத்ததால் வந்த வினை இது. சீல் இருக்கிறவரை அது அசல். காலையில் இந்தத் தட்டு அசலாகத்தான் இருந்தது. மீதி நாற்பதும் இப்போதும் அசலாகத்தான் இருக்கின்றன. உடைத்துப் பார்த்து அவற்றையும் போலியாக்க வேண்டும் என்கிறவர்கள் கையைத் தூக்கலாம்.”

பிரிஜா யாரையும் பார்க்கவில்லை, புருசனை மட்டும் பார்த்தாள். “இஞ்சேருங்க. நாப்பதையும் பிரிச்சிப் பாப்போம். பொய்யின்னா பழைய இரும்போட ஆக்கர் கடைக்குப் போட்டும். பிள்ளைக்கு ரூமு ஆச்சு. கையத் தூக்குங்க.”

பிபின் அலமாரியைப் பார்த்தான். மனைவியின் வயிற்றைப் பார்த்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், சிவப்புப் பெயிண்டையும் பார்த்தான். கை அசையவில்லை.

உடைக்க வேண்டாம் என்ற தீர்மானம் நான்குக்குப் பூஜ்யம் என்று நிறைவேறியது.

பிரிஜா வாதாடவில்லை. அன்று மாலையே நாற்பது தட்டுகளையும், ஒரு சீல்கூடக் கீறாமல், ஒவ்வொன்றாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து ஃபேனுக்கு அடியில் அடுக்கினாள். தலையணையோடு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். விதி மூன்று மீறப்பட்டதென்று பிபின் கதவுக்கு வெளியே நின்று அறிவித்தான். உள்ளேயிருந்து குறட்டைதான் பதிலாக வந்தது. அடுத்த இரண்டு மாதம் செயலாளரும் தட்டுகளும் கூடத்திலேயே படுத்தார்கள். உப்புக்காற்றில் அட்டைகள் அப்பளமாக வளைந்தன. சீல்கள் மட்டும் உடையவில்லை. சிப்ஸ் கடைக்காரரின் கைவேலை அப்படி.

ஆடியில் பெண் பிள்ளை பிறந்தது. அடுத்த பிப்ரவரியில் பிரிஜா பிள்ளையோடு மஸ்கட்டுக்கே போய்விட்டாள். தலைவர் மருமகனிடம் லண்டனுக்குக் குடிபோனார். அங்கேயும் மன்றம் தொடங்கிவிட்டார் என்றும், இங்கிருந்து சீல் வைத்த கருப்பட்டிப் பெட்டிகளை வரவழைத்து ‘ஒதுக்கீடு’ செய்கிறார் என்றும் கேள்வி. நஸீம் தேங்காப்பட்டணத்து நஸீபாவைக் கட்டினான். தனக்கு ஒதுக்கீடான தட்டை அவளுக்குப் பரிசாகக் கொடுத்ததாகவும், அவள் அதன்மேல் பால்சட்டி வைப்பதாகவும் சொல்கிறார்கள். அனிஷுக்கும் கல்யாணமாகிவிட்டது. வீட்டில் நல்ல பேர். எதற்கும் வழிமொழிகிறான்.

பிபின் மட்டும் இங்கேதான் இருக்கிறான். தட்டுகள் மறுபடியும் அறைக்குள் போய்விட்டன, இருபத்தோரு டிகிரி. போன மாதம் மஸ்கட்டிலிருந்து பிரிஜா ஒரு தடித்த உறை அனுப்பினாள். குடும்ப விசா என்று தெருவில் பாதிப்பேர், வக்கீல் நோட்டீஸ் என்று மீதிப்பேர். போனில் கேட்டால், “எல்லாம் அதுக்குள்ள இருக்கு, பிரிச்சிப் பாருங்க” என்று வைத்துவிடுகிறாளாம். பிபின் அதை அலமாரியில் நாற்பதுக்குப் பக்கத்தில், நாற்பத்தொன்றாவதாக வைத்திருக்கிறான்.

“எலே, பிரிச்சுத்தான் பாரேன்” என்று சிலுவைமுத்து சொல்லிப் பார்த்தார்.

பிபின் அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“அண்ணே, பிரிக்கிறவரைக்கும் அது விசாவாக்கும்.”