கனடாவுக்குப் போன மணிக்கூடு

"அடி. ஒரே ஒரு தடவை அடிச்சுத் தொலை!" என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினான் றொனால்ட்.

சுவரில் தொங்கிய மணிக்கூடு வாயே திறக்கவில்லை. மற்ற நாளில் அதற்கு வாய் மூடாது. மூன்று மணிக்குப் பதினொன்று அடிக்கும். ஜெபமாலை நடுவில் அடிக்கும். வீடு மந்திரிக்க வந்த பாதர், அது அடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து பார்த்துவிட்டுத் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போய்விட்டார். அப்பேர்ப்பட்டது, இன்றைக்குக் கெமராவைப் பார்த்ததும் புதுப்பொண்ணு மாதிரி வெட்கப்படுகிறது.

"அண்ணே, வீடியோவ நடுவுல நிப்பாட்ட ஏலாது" என்றான் போனைப் பிடித்திருந்த தர்ஷன். "நிப்பாட்டினா வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிருவாங்க. அடிக்கிற வரைக்கும் நிக்கத்தான் வேணும்."

தர்ஷன் பக்கத்து வீட்டுப் பையன்தான், ஆனால் ஹட்டன் டவுனில் ஒரு கூரியர் ஒஃபிஸில் வேலை. வெளிநாட்டுக்குச் சாமான் விற்று ஏமாந்தவர்களின் கதை அவனிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. வாங்கினவர்கள் சாமான் வந்து சேரலை என்பார்களாம். உடைஞ்சு வந்தது என்பார்களாம். காசைத் திருப்பி வாங்கிவிடுவார்களாம்.

ஒன்லைனில் இந்த மணிக்கூட்டை வாங்கியவள் மார்கரட் என்ற வெள்ளைக்காரி. கனடாவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறாள். காசு வந்துவிட்டது. அந்தக் காசு கரண்டில் ஓடும் தையல் மெஷினாகி மூலையில் உட்கார்ந்தும் விட்டது. மனைவி பவுலின் ஐந்து வருஷமாக ஆசைப்பட்ட மெஷின். மார்கரட் காசைத் திருப்பிக் கேட்டால் மெஷின் போகும்.

அதுகூடப் பரவாயில்லை. பவுலினின் அப்பா சூசைரட்ணத்துக்குத் தெரிந்தால் மானமே போகும்.

மணிக்கூடு அவர் கொடுத்த சீதனம். தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கடைசி வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது பங்களாச் சுவரிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்த மணிக்கூடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்து நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் ஏறி வருவார். மகளைக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்: "மணிக்கூடு பத்திரமா இருக்கா, மாப்ள?"

"அடிக்கிறது இருக்கட்டும் அண்ணே" என்றான் தர்ஷன். "ஒடஞ்ச வேற மணிக்கூட்டத் திருப்பி அனுப்பிட்டு இதுதான் ஒங்களுதும்பாங்க. ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு அடையாளம் உள்ளுக்க வைங்க."

பவுலின் உள்ளே ஓடினாள். கோயில் திருவிழாவில் கொடுத்த சின்ன மாதா படத்தை எடுத்துவந்து, மணிக்கூட்டின் கதவைத் திறந்து, பெண்டுலத்துக்குப் பின்னால் ஒட்டினாள். படத்தின் கீழே தமிழில் 'மாதாவே துணை'.

"இதவிட என்னா அடையாளம் வேணும்? அவங்களே பத்திரமாக் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள்.

அப்புறமும் அது அடிக்கவில்லை. சரி, பெண்டுலம் ஆடுவதாவது வீடியோவில் இருக்கிறதே என்று கழற்றி, பழைய கம்பளியில் சுற்றி, அடிபடாமல் இருக்கச் சுற்றிலும் ரெஜிபோம் அட்டை வைத்து, பலகைத் தேயிலைப் பெட்டிக்குள் இறக்கி மூடினார்கள். அப்போதுதான் பவுலின் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"ஐயோ, அப்பா!"

"புதன்கிழமையில அவருக்கு இங்க என்னாடி வேல?"

"எனக்கென்னா தெரியும்? பஸ்ஸ விட்டு எறங்கிட்டாருங்க!"

பெட்டியை நகர்த்த நேரமில்லை. பவுலின் அதன்மேல் ஒரு துணியைப் போட்டாள். தர்ஷன் வீடியோவை நிறுத்தாமல் போனைப் பிடித்தபடி சிலையாக நின்றான்.

சூசைரட்ணம் உள்ளே வந்து குடையை மடக்கினார். "மணிக்கூடு பத்திரமா..." என்று ஆரம்பித்தவர், சுவரில் வெளிறிப்போன சதுரத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"கண்டிக்கு அனுப்பியிருக்கேன் மாமா, ரிப்பேருக்கு" என்றான் றொனால்ட்.

"ரிப்பேருக்கா?" கிழவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "எப்ப வரும்?"

"லேட்டாகும் மாமா."

நாற்காலியெல்லாம் டேப்பும் துணியுமாகக் கிடந்தது. அவர் நேரே போய்ப் பெட்டிமேல் உட்கார்ந்தார். பவுலின் அவசரமாகப் பிளேன்டி ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

"அந்தத் துரை அத எங்கிட்டக் குடுக்கையில" என்று வழக்கமான கதையை ஆரம்பித்தார், "மனுசனுக்குக் கண்ணு கலங்கிருச்சு மாப்ள. பேச ஏலல. கர்ச்சீப்பால மூஞ்சிய மூடிக்கிட்டு விறுவிறுன்னு கார்ல ஏறிட்டாரு."

டங்.

பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

டங். டங். டங்.

"போன் மாமா! ரிங்டோன்!" என்று கத்தினான் றொனால்ட். கையில் போனை வைத்திருந்த தர்ஷன், "ஆமாங்க, என் போன்தான்" என்று சொல்லிவிட்டு அதை எடுத்துப் பேசவும் வழியில்லாமல் விழித்தான். பவுலின் பாய்ந்து போய்ப் புது மெஷினை முழு வேகத்தில் ஓட விட்டாள். ஊசியில் துணியும் இல்லை, நூலும் இல்லை. மணிக்கூடு அசரவில்லை. காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அடித்துத் தீர்த்தது. கிழவரோடு சேர்ந்து பெட்டி அதிர்ந்தது.

அவர் ஆடாமல் அசையாமல் பிளேன்டியைக் குடித்து முடித்தார்.

"நல்ல ரிங்டோன்" என்று எழுந்தார். "நான் கெளம்புறேன். பஸ் வந்துரும்."

அடுத்த பஸ்ஸுக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. ஆனாலும் வாலிபன் மாதிரி விறுவிறுவென்று படி இறங்கிப் போனார்.

இவ்வளவும் வீடியோவில் இருந்தது. வெட்டவும் முடியாது. அப்படியே அனுப்பினார்கள். மார்கரட்டிடமிருந்து உடனே பதில் வந்தது. தர்ஷன் வாசித்துச் சொன்னான்: "மணிக்கூடு அருமையா அடிக்குதாம். அந்தப் பெரியவரும் சேர்த்தா வர்றாருன்னு கேக்குறா."

பிறகு றொனால்ட் பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டினான். ஒட்டினான் என்றால், பலகை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. கூரியரைவிட மலிவு என்று அதைத் தூக்கிக்கொண்டு தபால் கந்தோருக்குப் போனால், கவுன்டரில் இருந்த சிங்கள நோனா ஒரே வார்த்தையில் முடித்தாள்.

"அரின்ன."

திறந்து காட்டவேண்டுமாம். கத்தி, கத்தரிக்கோல், கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து நெம்ப ஒரு அலவாங்கு. திறந்ததும் கந்தோர் முழுக்கக் கேட்க அது அடித்தது. பென்ஷன் எடுக்க வந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

பழைய சாமான் என்பதால் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றாள் நோனா. அதற்காகக் கோச்சி ஏறிக் கொழும்புக்கு அலைந்தான். மார்கரட், அங்கே வரி குறையும் என்று விலையைக் குறைத்துப் போட்டு 'அன்பளிப்பு' என்று எழுதச் சொன்னாள். தர்ஷன் பதறினான்: "எழுதிராதீங்க அண்ணே! காணாமப் போனா எழுதின வெலதான் தருவாங்க." உண்மையான விலை, அதற்கு இன்சூரன்ஸ், அங்கே கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கவேண்டும் என்று ஒரு சீட்டு. ஒன்றையும் விடவில்லை. பெட்டி போய்ச் சேர்ந்து மார்கரட் கையெழுத்துப் போட்டாள் என்று போனில் வந்த அன்று, றொனால்ட் பவுலினைத் தூக்கிச் சுற்றினான்.

ஆனால் ஞாயிறு என்று ஒரு நாள் வாரா வாரம் வருகிறதே!

"கண்டியில இருந்து வந்துருச்சா, மாப்ள?"

"இன்னும் இல்ல மாமா."

"அவசரமில்ல. ஆறுதலாப் பாக்கட்டும்."

இந்தப் பெருந்தன்மைதான் றொனால்டைக் கொன்றது. ஒரு ஞாயிறு தாங்கமுடியாமல், ரிப்பேர்காரன் கடையை மூடிக்கொண்டு மணிக்கூட்டோடு ஓடிவிட்டான் என்று சொல்லிவிட்டான். சூசைரட்ணம் கர்ச்சீப்பால் முகத்தை மூடினார். தோள் குலுங்கியது.

"பாவி நான், பெரிய மனுசன அழ வச்சிட்டேன்" என்று அன்றெல்லாம் சோறு இறங்காமல் கிடந்தான் றொனால்ட்.

கிறிஸ்மஸ் வந்தது. கனடாவிலிருந்து பவுலினின் அண்ணன் அன்டன் வந்தான். நோட்டன் பிரிட்ஜில் வீடு நிறைந்த சனம். கேக் வெட்டியதும் அன்டன் ஒரு பெரிய பெட்டியை நடு வீட்டில் வைத்தான்.

"அப்பா, மச்சான்கிட்ட இருந்த மணிக்கூட்ட ஒரு கள்ளன் கொண்டு போயிட்டான்னு போன்ல சொன்னீங்கல்ல? இங்க பாருங்க!" என்று மூடியைத் திறந்தான்.

றொனால்டின் கையிலிருந்த கேக் விழுந்தது. கம்பளியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது அவனுடைய கம்பளி.

"அங்க ஒரு பழைய சாமான் கடையில தொங்குச்சு" என்றான் அன்டன் மூச்சு வாங்க. "இது மாதிரி எத்தனையோ இருக்கும்னு விட்டுட்டுத்தான் வரப் பாத்தேன். சும்மா கதவத் தொறந்தா, உள்ளுக்க மாதா! அதுவும் தமிழ்ல! வெள்ளைக்காரி கேட்ட காசக் குடுத்துத் தூக்கிட்டேன். அந்தக் கள்ளன் கனடாவுக்கே வித்திருக்கான்ப்பா!"

"புதுமை! மாதாவோட புதுமை!" என்று வீடே சிலுவை போட்டது. பவுலின் முந்தானையைக் கடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"கள்ளன விடக் கூடாது. அவன் பொதி கட்டின வீடியோகூட அவகிட்ட இருக்காம். கேட்டு எடுத்துருவேன்" என்றான் அன்டன்.

றொனால்ட் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"வேணாம்!" என்று எழுந்தார் சூசைரட்ணம். "பெரிய நாளு. கள்ளன மன்னிச்சிருவோம். மாப்ள, நீங்க கொஞ்சம் இப்படி வாங்க."

சட்டையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார். நடு வீட்டில் அது அடிக்க ஆரம்பித்திருந்தது.

"மாமா, மன்னிச்சிருங்க..."

"நான் அது மேல ஒக்காந்திருக்கையில அடிச்சிச்சே, நீங்க அத அனுப்பப் போறீங்கன்னு அப்பவே எனக்குத் தெரியும்" என்றார் கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "சந்தோசத்துல பஸ்கூடப் பாக்காம நோட்டன் ரோட்டுல பாதித் தூரம் நடந்தே போனேன்!"

"சந்தோசமா? அப்ப, அந்தத் துரை கண்ணு கலங்கினது?"

"சிரிப்ப அடக்கினா கலங்காதா? அவரு எங்கிட்டத் தள்ளிவிட்டாரு, நான் ஒங்ககிட்டத் தள்ளிவிட்டேன், நீங்க கடல் தாண்டியே தள்ளிவிட்டீங்க, எல்லாம் சரி. ஆனா தலமுழுகுற சாமானுக்குள்ள யாராவது மாதாவ வச்சு அனுப்புவாங்களா, மாப்ள?"