தொடுதிரையைக் கவ்விய முதலை

ஒரு காட்டில், அக்காட்டை இரு கூறாக்கிக்கொண்டு ஓர் ஆறு ஓடியது. ஆற்றைக் கடக்க ஒரே ஒரு துறைதான் உண்டு. நெடுவாயன் என்னும் முதலை அத்துறைக்கு அதிகாரியாக இருந்தது. அனுமதிச் சீட்டுப் பெற்றவர் ஆற்றைக் கடக்கலாம். பெறாதவர் நீரில் கால் வைத்தால் அவரை நெடுவாயன் உண்ண வேண்டும். இது விதி. "உண்பது என் கடமை. விருப்பம் வேறு, கடமை வேறு" என்று அது பலமுறை விளக்கியிருக்கிறது. விருப்பம் யாது என்று எவரும் கேட்கத் துணிந்ததில்லை.

முன்பெல்லாம் சீட்டுகள் கையால் எழுதித் தரப்பட்டன. பின்னர்க் காடு முன்னேறியது. தலைமையகம் ஒரு மடிக்கணினியை அனுப்பியது. அதன் திரையைத் தனியே கழற்றலாம். மீண்டும் விசைப்பலகையோடு பொருத்தலாம். விரலால் தொட்டாலே வேலை செய்யும். விரலற்ற விலங்குகள் ஈர மூக்கால் தொட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மூக்கு உலர்ந்தோர் அதை நக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும் என்று அச்சுற்றறிக்கைக்கு ஒரு திருத்தமும் வந்தது.

காலையில் கணினி அக்கரையிலும் பிற்பகலில் இக்கரையிலும் இருக்கும். ஒரு நாள் காலையில், சிறுகுளம்பி என்னும் சருகுமான் முறைப்படி மூக்கைப் பதித்துச் சீட்டுப் பெற்று, உதிர்ந்த அத்திப்பழங்களை உண்ண இக்கரைக்கு வந்தது. அதன் குட்டி அக்கரையில், பட்டுப்போன மரம் ஒன்றின் பொந்தில் படுத்திருந்தது. அது பிறந்து ஆறே நாள் ஆகியிருந்தது. "அசையாமல் படுத்திரு கண்ணு, பொழுது சாய்வதற்குள் அம்மா வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தாய் புறப்பட்டது. பொழுது சாய்ந்தால் அக்கரையின் மலைப்பாம்பு இரை தேடக் கிளம்பும். மலைப்பாம்புக்குச் சீட்டு வேண்டியதில்லை. அது ஆற்றைக் கடப்பதில்லை.

நண்பகல் கழிந்து திரும்பிய சிறுகுளம்பி, துறையில் நீண்ட வரிசையைக் கண்டு திகைத்தது. வரிசையின் கடைசியில் ஊசிமுத்து என்னும் முள்ளம்பன்றி நின்றது. ஊசிமுத்துவுக்குப் பின்னால் நிற்பவர் ஒரு முழம் தள்ளி நிற்பது வழக்கம். சிறுகுளம்பியும் அவ்வாறே நின்றது.

"என்ன அண்ணே, வரிசை நகரவே காணோம்?"

"நகர்ந்தால்தானே காண்பதற்கு? படம் தலைகீழாக வருகிறதாம். பழுது பார்க்க ஆளை வரவழைத்திருக்கிறார்கள்."

"ஆள் யார்?"

"தேவாங்கு."

"விழியப்பனா! மரத்தை விட்டு இறங்கவே அரை நாள் ஆகுமே, அண்ணே!"

"இறங்கவில்லையம்மா. அதனால்தான் இன்றைக்கே வேலை தொடங்கியது."

உண்மைதான். அதிகாரியின் பாறைக்கு மேலே நீண்டிருந்த கிளையில், விழியப்பன் பின்னங்கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தன் பெரிய விழிகளால் திரையை உற்றுநோக்கியது.

"படம் நேராகத்தானே தெரிகிறது?" என்றது.

"எமக்குத் தலைகீழாகத் தெரிகிறது" என்றது நெடுவாயன்.

"அப்படியானால் கோளாறு டிஸ்ப்ளேயில் இல்லை ஐயா. உபயோகிப்பவரிடம் இருக்கிறது."

நெடுவாயன் சினம் கொள்ளவில்லை. உபயோகிப்பவரைத் தலைகீழாக்க விதியில் இடம் உண்டா என்று சிந்தித்தது. வரிசையிலிருந்து ஊசிமுத்து குரல் கொடுத்தது: "திரையைத் திருப்பிப் பிடித்தால் தீர்ந்தது! இதற்கு ஒரு நிபுணரா?"

"திரையைத் திருப்பினால் விசைப்பலகை தலைகீழாகிவிடும்" என்றது நெடுவாயன்.

"அதுதான் தனியே கழலுமே, ஐயா!"

"கழலும். கழன்றால் ஒன்று இரண்டாகும். இருப்புப் பதிவேட்டில் 'கணினி, ஒன்று' என்றே உள்ளது. மிகையாக இருக்கும் மற்றொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யான் என்ன விடை தருவேன்?"

ஆகவே கழற்றுவதற்கான பொறுப்பு முழுவதையும் விழியப்பனே ஏற்பதாகத் திரையில் ஒப்பம் இட வேண்டும் என்று முடிவாயிற்று. தலைகீழாகத் தொங்கியபடி இட்டதால் ஒப்பம் நேராக விழுந்தது. திரை கழற்றப்பட்டது, ஏதோ ஒன்று அழுத்தப்பட்டது, படமும் நேரானது. வரிசை முழுவதும் மகிழ்ந்தது. பல விலங்குகள் மூக்கை நக்கி ஆயத்தமாயின.

திரையை விசைப்பலகையோடு மீண்டும் பொருத்தியபோது, 'விசைப்பலகை காணப்படவில்லை' என்று திரை அறிவித்தது.

"இதோ இருக்கிறதே!" என்று நெடுவாயன் விசைப்பலகையைத் திரைக்குக் காட்டியது. திரை இணங்கவில்லை.

"இணைப்பு முனைகளில் சேறு அடைத்திருக்கிறது" என்று கண்டுபிடித்தது விழியப்பன். "மெல்லிய கூரான ஏதாவது ஒன்று வேண்டும்." அனைவரும் ஊசிமுத்துவைத் திரும்பிப் பார்த்தனர்.

"என்னை ஏன் பார்க்கிறீர்கள்? இவை என்ன இரவல் கொடுத்து வாங்கும் பொருளா? பிடுங்கினால் வலிக்கும்!"

"அண்ணே, என் குட்டி பால் குடித்து அரை நாள் ஆகிறது" என்றது சிறுகுளம்பி.

ஊசிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு முதுகைக் காட்டியது. "ஒன்றுதான். வயதான முள்ளாய்ப் பார்த்து எடுக்கச் சொல்."

முள்ளால் சேறு நீக்கப்பட்டது. விசைப்பலகை காணப்பட்டது. ஆனால் சேற்றை அகற்றும் ஆர்வத்தில் நெடுவாயன் அருகே வந்து மூச்சு விட்டதால், திரையில் நீர்த்துளிகள் தெறித்தன. தொடுதிரை நீரையும் மூக்கென்றே எண்ணும். ஒரே நொடியில் பதினான்கு துளிகள் சீட்டுக்கு விண்ணப்பித்தன. அவற்றுள் மூன்றுக்குச் சீட்டு வழங்கவும் பட்டது. சீட்டுப் பெற்ற துளிகள் முறைப்படி வழிந்து ஆற்றில் சேர்ந்தன.

சிறுகுளம்பியால் பொறுக்க முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து பாறையருகே நின்றது.

"ஐயா, கதிரவன் மலையைத் தொடப் போகிறது. என் குட்டி தனியாகக் கிடக்கிறது. பழையபடி கையால் ஒரு சீட்டு எழுதித் தரக் கூடாதா?"

"அம்மணி, எமக்கு மறுப்பில்லை. எழுதுவதற்கு ஏடு இல்லை. பழைய ஏடுகள் அனைத்தும் பாதுகாப்பாக வைக்கும்பொருட்டுக் கரையான்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டன."

"அப்படியானால் காலையில் பெற்ற சீட்டைக் காட்டிப் போகலாமா?"

"அது வருவதற்கான சீட்டு. வந்துவிட்டீரே!"

"சீட்டில்லாமல் போனால்?"

"யான் மிகவும் வருந்துவேன்" என்று நெடுவாயன் கனிவோடு சொன்னது. சொல்லும்போது அதன் வாய் முழுவதும் திறந்திருந்தது. சிறுகுளம்பி இரண்டு அடி பின்வாங்கியது.

அவ்வேளையில் திரை மெல்ல மங்கியது. பின்னர் முற்றிலும் இருண்டது. தொட்டாலும் தட்டினாலும் ஒளி வரவில்லை. விழியப்பன் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னது.

"உறைந்துவிட்டது ஐயா. ஒரே வழிதான் உண்டு. பக்கவாட்டில் இருக்கும் பொத்தானை முப்பது எண்ணும் வரை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு நொடி விட்டாலும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்."

"நீரே அழுத்தலாமே?"

"என் விரல் பஞ்சு போன்றது. பொத்தானோ பயறளவு; சேற்றில் வேறு இறுகிக் கிடக்கிறது. தங்கள் பல் ஒன்றுதான் அதற்குப் பொருந்தும். கடிக்கக் கூடாது; அழுத்த வேண்டும். வாலை அசைக்கக் கூடாது. பேசவும் கூடாது."

நெடுவாயன் கடமையில் தவறாதது. திரையை வாயில் வாங்கி, கீழ்வரிசையின் நான்காம் பல்லைப் பொத்தானில் பதித்து, வாயை இறுக மூடிக்கொண்டது. விழியப்பன் எண்ணத் தொடங்கியது. ஓர் எண்ணைச் சொல்லும், கண்ணை மூடும், திறக்கும், பிறகே அடுத்த எண். முதல்முறை பதினொன்றில் நெடுவாயனுக்குத் தும்மல் வந்தது. இரண்டாம் முறை பத்தொன்பதில் ஒரு வண்டு பறந்துபோக, விழியப்பன் அதை விழியால் பின்தொடர்ந்து எண்ணை மறந்தது. மூன்றாம் முறை தொடங்கியபோது கதிரவனின் கீழ்விளிம்பு மலையைத் தொட்டுவிட்டது.

சிறுகுளம்பி ஊசிமுத்துவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது: "அண்ணே, ஐயாவின் வாய் மூடியிருக்கிறது."

"ஆமாம். அலுவலக நேரத்தில் அப்படி நான் பார்த்ததே இல்லை."

"சீட்டில்லாதவரை என்ன செய்ய வேண்டும் என்று விதி?"

"உண்ண வேண்டும்."

"எதனால்?"

"எதனால் என்றால்? வாயால்தான். இது என்ன கேள்வி?" என்ற ஊசிமுத்து, திடீரென்று பேச்சை நிறுத்திச் சிறுகுளம்பியைப் பார்த்தது. "அடி பாவி, வேண்டாம்!"

அதற்குள் சிறுகுளம்பி நீரில் இறங்கிவிட்டது.

"ஒன்பது" என்றது விழியப்பன்.

நெடுவாயனின் கண்கள் அகன்றன. தன் பணிக்காலத்தில் இத்தகைய மீறலை அது கண்டதே இல்லை. "ம்ம்ம்!" என்றது.

"பேசாதீர்கள் ஐயா, பல் விலகும். பத்து."

சருகுமானின் கால்கள் சிறியவை, நீரோட்டமோ வலியது. பதினைந்தில் அது பாறைகளைத் தாண்டியிருந்தது. இருபதில் நீர் அதைப் பக்கவாட்டில் இழுத்தது. இருபத்தைந்தில் ஆற்றின் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முப்பது முடிந்தால் திரை ஒளிரும்; ஒளிர்ந்தால் வாய் திறக்கும்; திறந்த வாய் தண்ணீரில் எத்தனை விரைவாக வரும் என்பதை அக்காட்டில் அறியாதவர் இல்லை.

"இருபத்தேழு" என்றது விழியப்பன். நெடுவாயனின் வால் நீருக்குள் மெல்ல வளைந்தது.

"இருபத்தெட்டு."

சிறுகுளம்பிக்குக் கணினியைப் பற்றித் தெரிந்தது ஒரே ஒரு கேள்விதான். கழுத்தை நீருக்கு மேலே நீட்டி, அதை உரக்கக் கேட்டது:

"தம்பி விழியப்பா! சார்ஜர் செருகியிருக்கிறதா?"

எண்ணிக்கை நின்றது.

விழியப்பன் மிக மெதுவாகத் தலையைத் திருப்பியது. "யாரம்மா அது? என்னிடமா கேட்டாய்? இந்தக் காட்டுக்கு மின்கம்பி வருவதற்கு முன்பே இத்தொழிலுக்கு வந்தவன் நான். யானைகளின் ஸ்க்ரீனை மாற்றியிருக்கிறேன். ஆந்தைகளின் அலுவலகத்தில் வெளிச்சத்தைக் குறைத்துக் கொடுத்தது யார்? போய்க் கேள்! என்னைப் பார்த்துச் சார்ஜர் செருகியிருக்கிறதா என்று கேட்க உனக்கு எப்படியம்மா மனம் வந்தது?"

இவ்வளவையும் சொல்லி முடிக்க அதற்கு நெடுநேரம் பிடித்தது. சொல்லிக்கொண்டே, தன் சொல்லுக்குச் சான்று காட்டும் எண்ணத்தோடு, சார்ஜர் இருக்கும் திசையைச் சுட்டிக்காட்டியது. அனைவரும் அத்திசையை நோக்கினர். சார்ஜரின் கம்பி ஒரு கிளையில் அழகாகச் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது. பழுது பார்க்கத் தொடங்குமுன் இணைப்புகள் அனைத்தையும் நீக்குக என்பது விழியப்பன் கற்ற முதற்பாடம். அப்பாடத்தை அது வழுவாமல் பின்பற்றியிருந்தது. நீக்கியதை மீண்டும் செருகுக என்னும் பாடம் அடுத்த பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

இறங்கிவந்து கம்பியைச் செருகினால் கணினி உயிர் பெறும். ஆனால் வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது.

விழியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டது. "ஐயா, இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இந்த மாடலுக்கு முப்பது போதாது. முந்நூறு. விடாமல் அழுத்துங்கள். ஒன்று…"

நெடுவாயன் ஏதோ சொல்ல விரும்பியது. ஆயினும் நிபுணரின் அறிவுரையை மீற அதற்கு அதிகாரம் இல்லை. பல்லை இன்னும் ஆழமாகப் பதித்தது.

சிறுகுளம்பி அக்கரையில் ஏறி, உடலை உதறி, ஓடியது. குட்டி, தாய் சொன்ன சொல் தவறாமல் அசையாது கிடந்தது. பசியால் வாய் மட்டும் அசைந்தது. தாய் அதனைப் பொந்திலிருந்து வெளியே அழைத்து, மேட்டிலிருந்த புதர் ஒன்றின் உள்ளே கொண்டுபோய்ப் பால் கொடுத்தது. மலைப்பாம்பு வந்து பார்த்தபோது பொந்தில் இளஞ்சூடு மட்டுமே இருந்தது. ஆற்றின் அப்பாலிருந்து "நாற்பத்தாறு… நாற்பத்தேழு…" என்னும் குரல் காற்றில் வந்துகொண்டிருந்தது.

அன்று வரிசையில் நின்ற அனைவரும் கடந்தனர். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில், கடைசியாக நீந்திக்கொண்டிருந்த ஊசிமுத்து, "தம்பி, அப்டேட் ஏதாவது செய்து பார்த்தாயா?" என்று அன்போடு விசாரித்தது. விழியப்பனுக்கு மீண்டும் மனம் புண்பட்டது. எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கிற்று. அன்றுமுதல் இக்கேள்விகளைக் கேட்பதற்கென்றே அக்காட்டு விலங்குகள் தமக்குள் முறை வகுத்துக்கொண்டன.

நெடுவாயன் இன்றுவரை பொத்தானை விடவில்லை. 'இவ்வாண்டில் விதிமீறல் இல்லை, புகார் இல்லை, அதிகாரி எவரிடமும் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை' என்று தலைமையகம் பாராட்டி, மற்றக் காடுகளின் துறைகளில் உள்ள முதலைகளுக்கும் இத்தகைய மடிக்கணினியை அனுப்பி வைக்க ஆணையிட்டது.

நீதி: சார்ஜர் செருகியிருக்கிறதா என்று நிபுணரிடம் தொடக்கத்திலேயே கேட்டுவிடாதே, பாதி ஆற்றைக் கடந்தபின் கேள்.