நான்காயிரத்து இருநூறு ரூபாய்ப் பள்ளம்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்புகள் இரண்டு. ஒன்று பூஜ்யம். மற்றது, சொகுசுக் கப்பல் பயணிகளுக்கு அருளப்படும் 'ஆன்போர்டு கிரெடிட்'. டிக்கெட் விற்பவர் அன்பளிப்பாகப் பயணியின் கப்பல் கணக்கில் போட்டுவைக்கும் தொகை அது. காசாகக் கையில் வராது. வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பயணம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால், அனாதையாகச் செத்துப்போகும்.

இந்தத் தத்துவத்தின் ஆழத்தை வடசென்னையில் முதலில் அளந்தவன் அறிவு. கப்பல் துறைமுகத்தில் நிற்கும் எட்டு மணி நேரத்துக்குள் பயணிகளை ஏசி பஸ்ஸில் ஏற்றி ஊர் காட்டும் கம்பெனியில் அவன் கைடு. கம்பெனியின் 'அனுபவப் பிரிவு' மேலாளர் ஜெஸ்லின் ஒரு நாள் அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் இரண்டு பேர். ஒருவர் ஜெஸ்லின்.

"மகாபலிபுரம் டூர் ஒன்பதாயிரம். மயிலாப்பூர் ஏழாயிரம். ஆனா சென்னைக்கு வரும்போது பயணிங்க கணக்குல சராசரியா நாலாயிரத்து இருநூறு கிரெடிட் மிஞ்சி நிக்குது, அறிவு. அது வீணாப் போகுதேன்னு அவங்க தூங்க மாட்டேங்கறாங்க. அந்த விலைக்கு ஒரு ஊர் வேணும்."

"நாலாயிரத்து இருநூறுக்கு எந்த ஊர் மேடம் வரும்?"

"உங்க ஊர்."

அறிவின் வீடு கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் பின்னால், மூன்றாவது குறுக்குத் தெருவில் இருந்தது. வேறொருவன் என்றால் கோபப்பட்டிருப்பான். அறிவு பரவசப்பட்டான். காரணம், அவனுக்கு ஒரு சட்டம் தெரியும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, எந்த ஆட்சியிலும் மாறாத சட்டம்: பெரிய மனிதரின் கார் வருவதற்கு முந்தின நாள், அந்தத் தெருவுக்குத் தார் வரும்.

தெரு நடுவே ஒரு பள்ளம் இருந்தது. வயது பதினொன்று. எதிர்வீட்டு பீம்ராவ், பென்ஷன்காரர், அதற்காக நாற்பத்தாறு மனுக்கள் எழுதியிருந்தார். பெயர் சொன்னால் வம்பு. மூன்று அலுவலகங்கள் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒரே பதிலைத் தந்தன: 'மேற்படி பள்ளம் எமது எல்லைக்கு உட்பட்டதன்று.' போன வருடம் பீம்ராவின் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆம்புலன்ஸ் பள்ளத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அம்மாள் பிழைத்துக்கொண்டார். நாற்காலிக் கால்தான் போய்விட்டது.

அறிவின் மனைவி யசோதராவுக்கு இப்போது எட்டாவது மாதம்.

"யசோ, நம்ம தெருவுக்கு அம்பது சீட்டு ஏசி பஸ்ஸு வருது. பஸ்ஸு வரணும்னா ரோடு போட்டே ஆவணும். நீ ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கி தெரு கண்ணாடியாட்டம் கீது பாரு."

"எதுக்கும் பீம்ராவ் மாமா கைல சொல்லு. அந்த நாக்காலி கால ஒட்டி வெக்கட்டும்," என்றாள் யசோதரா.

சட்டம் பொய்க்கவில்லை. அடுத்த வாரமே இரண்டு பேர் டேப்போடு வந்து பள்ளத்தை நீளம், அகலம், ஆழம் என்று பயபக்தியுடன் அளந்தார்கள். தெருவே கூடி டீ வாங்கிக் கொடுத்தது. பீம்ராவ் கண்கலங்கினார்.

பத்து நாளில் விளம்பரத் தாள் வந்தது. 'அசல் வடசென்னைக் குலுக்கல். பதினொரு அடி நீளம், ஒன்றரை அடி ஆழம். இருக்கையை விட்டு எழாமலேயே உணருங்கள்.'

அறிவு ஜெஸ்லினிடம் ஓடினான். "மேடம், ரோடு போடலியா?"

"ரோடு போட்டா அது அண்ணா நகர் மாதிரி ஆயிடும். அப்புறம் அண்ணா நகர்க்காரங்க எதுக்குப் பார்க்க வரணும்?"

அண்ணா நகர்க்காரர்கள் வரத்தான் வந்தார்கள். கிருஷ்ணப்பனும் அவர் மனைவியும் சென்னையிலிருந்து கொச்சிக்கு விமானத்தில் பறந்து, அங்கே கப்பல் ஏறி, நான்கு நாள் கடலில் மிதந்து, தங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகக்கூடிய தூரத்தில் இருந்த கொடுங்கையூருக்கு வந்து சேர்ந்தார்கள். வெயிலுக்கு ஜன்னல் திரைகள் மூடியிருந்தன. அறிவு மைக்கில் உருகிக்கொண்டிருந்தபோது கிருஷ்ணப்பன் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, எறங்கணுமா?"

"விருப்பம் இருந்தா சார்."

"இதோட கிரெடிட் தீந்துடுச்சில்ல?"

"தீந்துடுச்சு சார்."

"அது போதும்," என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸின் அடிவயிறு தட்டுகிற பள்ளத்தில் பஸ் கம்பீரமாக இறங்கி ஏறியது. உள்ளே கைதட்டல். வெளியே, பள்ளத்துத் தண்ணீர் பீம்ராவின் கையிலிருந்த நாற்பத்தேழாவது மனுவைக் குளிப்பாட்டியது. பயணிகள் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். அடுத்த கப்பல் பதினான்காம் தேதி என்று அறிவிப்பு வந்தது.

"டாக்டரம்மாவும் பதினாலுன்னுதான் சொல்லிகீறாங்க," என்றாள் யசோதரா. "நீ உள்ள குந்திகினு மைக்குல பேசு. நான் வெளிய நாக்காலில குந்திகினு போறேன். உன் கஸ்டமருங்க போட்டோ புடிச்சிக்கட்டும்."

அறிவு எழுந்து வெளியே வந்தான். பீம்ராவ் ஈர மனுவைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இடிச்ச வூட்டுக் கல்லு எங்கனா கெடைக்குமா?"

"ஆறு வண்டி கீது நைனா. நீ கேப்பேன்னு ஒரு மாசமா பாத்துகினு கீறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே இறங்கியது. அறிவு கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதல் கூடையைத் தூக்கினான். கல், மண், மேலே நாலு மூட்டை சிமென்ட். பதினொரு வருடத்துப் பள்ளம் சாப்பாட்டு வேளைக்குள் சமமானது.

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது. யசோதரா தன் காலால் நடந்து ஏறினாள். மைக்கை விட்டுவிட்டு அறிவும் கூட ஏறினான். பதினொரு மணிக்கு பஸ் வந்தது. குலுங்கவில்லை. திரும்பிப் போய் இன்னொரு தடவை வந்து பார்த்தது. அப்போதும் குலுங்கவில்லை. 'அனுபவக் குறைபாடு' என்று ஐம்பது பேரும் புகார் கொடுக்க, கம்பெனி ஐம்பது பேருக்கும் கிரெடிட்டைத் திருப்பிப் போட்டது. அவர்கள் அதைக் கப்பலிலேயே கால் மசாஜுக்குக் கொடுத்துத் தீர்த்தார்கள். அறிவின் அடையாள அட்டையை ஜெஸ்லின் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள், குழந்தையோடு அறிவும் யசோதராவும் ஆட்டோவில் திரும்பியபோது தெருவில் மூன்று ஜீப்புகள். மூன்று அலுவலகங்களிலிருந்தும் மூன்று அதிகாரிகள், மூடிய பள்ளத்தைச் சுற்றிக் கருமாதிக்கு வந்தவர்களைப் போல நின்றிருந்தார்கள். குலுக்கலுக்காகக் கம்பெனி மூவருக்கும் தனித்தனியே 'அனுபவ உரிமக் கட்டணம்' கட்டியிருந்தது அன்றுதான் தெருவுக்குத் தெரிந்தது.

பீம்ராவ் மூன்று நோட்டீஸ்களையும் உரக்கப் படித்தார். மூன்றிலும் ஒரே வாசகம்: 'எமக்குச் சொந்தமான பள்ளத்தை எமது அனுமதியின்றி மூடிய குற்றத்துக்காக.'

பதினொரு வருடம் அனாதையாகக் கிடந்த பள்ளத்துக்கு, செத்த பிறகு மூன்று அப்பன்மார்.

ஆட்டோவிலிருந்து யசோதரா தலையை நீட்டினாள்.

"மாமா, மூணு பேரு கைலயும் பேரு, போன் நம்பரு எய்தி வாங்கிக்கோ. அடுத்த பள்ளத்துக்கு அட்ரஸு வோணும்ல."