பத்தில் பாதி

மேனேஜர் கூப்பிடுகிறார் என்றதும் வேலை போய்விட்டது என்றே குப்புராஜ் நினைத்தான். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் வேலை அவனுக்கு. இத்தனை வருஷத்தில் ஏ.சி. அறைக்குள் அவன் நுழைந்தது ஒரே தடவை, அதுவும் பீரோவை நகர்த்துவதற்காக. ஆர்டர் இல்லாமல் பாதி மெஷின் தூங்கிக்கொண்டிருந்த 2008 கடைசியில், இப்படிக் கூப்பிட்டால் வேறு எதைத்தான் நினைப்பது?

"மனசுல இருக்கறதை எல்லாம் கண்டுபிடிக்கிறியாமே?" என்றார் மேனேஜர் ஜெயராஜ்.

எல்லாம் நேற்றைய டீ நேரத்தில் வந்த வினை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு எண்ணை நினைச்சுக்கோ, ரெண்டு மடங்காக்கு, பத்தைக் கூட்டு, பாதியாக்கு, நினைச்ச எண்ணைக் கழி என்று சொல்லி, "அஞ்சுதானே?" என்று கேட்டுத் தொலைத்தான். அதிலிருந்து அவனுக்குப் பெயரே சாமி.

ஸ்டோரில் இருபது பித்தளைச் சாமான் காணவில்லை, கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன்தான் எடுத்திருக்கிறான், அவனைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் உன்னைப் பர்மனென்ட் ஆக்குகிறேன் என்றார் மேனேஜர்.

இது வெறும் கணக்கு சார் என்று சொல்லத்தான் குப்புராஜ் வாயெடுத்தான். பர்மனென்ட் என்ற சொல் குறுக்கே வந்து நின்றுவிட்டது. பி.எஃப்., போனஸ், 'ஏய்' என்று கூப்பிடும் வாட்ச்மேன்கூட 'வாங்க' என்பான். எல்லோருக்கும் ஐந்துதானே வரப்போகிறது, எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம் என்று தலையாட்டினான்.

மறுநாள் காலை, மற்ற பன்னிரண்டு கான்ட்ராக்ட் ஆட்களும் வரிசையில் நின்று, லாரி எடைச் சீட்டின் பின்பக்கத்தில் ஆளுக்கொரு விடை எழுதினார்கள். பதினோரு சீட்டில் ஐந்து. பச்சையப்பன் சீட்டில் மட்டும் ஏழு.

"இவன்தானா?" என்றார் மேனேஜர்.

பச்சையப்பன், குப்புராஜோடு ஒரே டப்பாவில் நாஷ்டா தின்கிறவன். கையெழுத்துப் போடவே மூன்று நிமிஷம் எடுப்பான். விசாரித்தால், இரண்டை நினைத்தவன் கடைசியில் அதைக் கழிக்க மறந்திருக்கிறான்.

"கழிக்க மறந்துட்டான் சார். ஒழுங்கா போட்டா அஞ்சுதான் வரும், மத்தவங்களுக்கு வந்தாப்பல," என்றான் குப்புராஜ் பதறிப்போய்.

"பதினோரு பேர் மனசுலயும் ஒரே நம்பரா? அப்போ கூடிப் பேசித்தான் எடுத்திருக்காங்க."

வேறு வழியில்லாமல் குப்புராஜ் சாக்பீஸை எடுத்தான். உற்பத்திக் கணக்கு எழுதும் போர்டில், தன் வித்தையைத் தானே உரித்துக் காட்டினான். எந்த எண்ணையும் ரெண்டு மடங்காக்கிப் பாதியாக்கினால் அதுவே திரும்பி வரும். அதைக் கழித்தால் போயே போய்விடும். மிச்சம் நிற்பது, நாம் கூட்டச் சொன்ன பத்தில் பாதி. நூறு நினைத்தாலும் ஐந்து, லட்சம் நினைத்தாலும் ஐந்து. மேனேஜர் நல்ல மாணவனைப் போலக் கடைசிவரை கேட்டார்.

"அப்போ உனக்கு மனசும் தெரியாது, மண்ணும் தெரியாது. மேனேஜ்மென்ட்டை ஏமாத்தியிருக்கே."

மதியத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. திருடன் யாரென்று தெரியாததால் பன்னிரண்டு பேருக்கும் வேலையில்லை. ஏமாற்றியதற்காகக் குப்புராஜுக்கும் இல்லை.

கேட்டுக்கு வெளியே எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். மேனேஜரை ஒருவரும் திட்டவில்லை. அவர் உள்ளே இருந்தார், குப்புராஜ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

"நா ஒருத்தன் போயிருந்தா போவுதுன்னு உட்டிருக்கலாம்ல?" என்றான் பச்சையப்பன். "வாத்தியாராட்டம் போர்டுல எழுதிக்கினு நின்னே. இப்போ பதிமூணு ஊட்லயும் அடுப்பு எரியாது."

யாருக்காகப் பேசினானோ அவனே இப்படிக் கேட்டது குப்புராஜுக்கு வலித்தது. அதைவிட, அவன் கேட்டது நியாயமாகப் பட்டதுதான் அதிகம் வலித்தது. எல்லோரும் காறித் துப்பிவிட்டுப் போன பிறகு சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

ஆபீசில் டைப் அடிக்கும் ஸ்நேகா, அவன் வாங்காமல் வந்த வேலைநீக்கக் கடிதத்தை எடுத்துக்கொண்டு கையெழுத்துக்காக வெளியே வந்தாள். தன் வாயால்தான் பதிமூன்று பேர் பிழைப்பு போயிற்று என்று அவளிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான் குப்புராஜ். அவள் ஒருமுறை ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க ஏண்ணா அழுவுறீங்கோ? பதிமூணு லெட்டரையும் நான் போன வாரமே டைப் பண்ணிட்டேன். காரணம் எழுதற எடத்தை மட்டும் காலியா உட சொன்னாரு."