மூன்றாம் நாள் மருதாணி

எனக்குச் சினிமா ஆசையே கிடையாது என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். பச்சைப் பொய். இருபத்திரண்டு வயதில் கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் அழுது பார்த்த ஆள் நான். (ஒரு தடவை அம்மா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூட்டிவிட்டாள்.)

அந்த வருஷம்தான் கம்பத்தில் எங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் படப்பிடிப்பு வந்தது. கதாநாயகி லேசுப்பட்டவர் இல்லை. நடிப்புக்காகவே பேர் வாங்கியவர். அவர் அழுதால் தியேட்டரில் எங்கள் வரிசை மொத்தமும் மூக்கைச் சிந்தும். குலை வெட்டும் கைகளை மட்டும் நெருக்கத்தில் காட்ட வேண்டும், அதற்கு வேலை தெரிந்த கை வேண்டும் என்று தேடி வந்த உதவி இயக்குநர், என்னைப் பார்த்துச் சரி என்றார்.

"முகம் தெரியாதும்மா. கை மட்டும்தான்."

கை போதுமே! கையைப் பார்த்தவர்கள் முகத்தை விசாரிக்க மாட்டார்களா? அந்த நிமிஷமே மனசு சென்னைக்கு பஸ் ஏறிவிட்டது.

கை நடிக்கப் போகிறதென்றால் சும்மாவா அனுப்புவது? அன்று சாயங்காலமே மருதாணி பறித்து அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டு, உள்ளங்கையில் நிலா வைத்தேன். விடிந்து பார்த்தால் அப்படியொரு சிவப்பு. பிற்பாடு என் கல்யாணத்துக்குக்கூட அப்படிப் பிடிக்கவில்லை.

பெருமையாக நீட்டினேன். உதவி இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? புருஷன் செத்து மூணாம் நாள் வேலைக்கு வர்ற பொண்ணோட கைம்மா!"

கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. (கைக்கு எதற்குக் கதை?) எலுமிச்சம்பழம், சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்கப் பளிச்சென்று ஆனது. மேக்கப்காரர் பழுப்புச் சாயம் பூசிவிட்டார். பந்தலில் குலையைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். வியர்வையில் சாயம் கரைந்து முழங்கை வழியே சொட்டியது.

"வேற கை பாருங்க," என்றார் இயக்குநர்.

அம்மா வேறு எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள். "ஏண்டி, அவுக குலை வெட்டத்தானே கூப்பிட்டாக? கல்யாணத்துக்கா கூப்பிட்டாக?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடி முன்னால் பழகிய அழுகை இல்லை. மூக்கொழுகும் நிஜ அழுகை.

அந்த நடிகை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நல்லா செவந்திருக்கு," என்றார். பிறகு இயக்குநரிடம், "இந்தப் பொண்ணு காட்டட்டும். நானே வெட்டுறேன்," என்றார்.

அரை மணி நேரம் வெட்டிக் காட்டினேன். பெட்டியில் வைக்கும் முன் குலையை ஒரு ஊது ஊதுவது என் பழக்கம். எறும்பு இருக்கும். அவர் அதையும் அப்படியே பிடித்துக்கொண்டார். எறும்புக்காகத்தான் ஊதுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது.

படம் வந்தது. அவருக்கு விருது கிடைத்தது. விமர்சனம் எழுதியவர்கள் அத்தனை பேரும் அந்த ஊதலைத்தான் எழுதினார்கள். ஒரு பெண்ணின் மொத்தத் துயரமும் அந்த ஒரு மூச்சில் இருந்ததாம். எறும்பைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. நான் ஆறு தடவை பார்த்தேன். ஆறு தடவையும், அது என் கை இருந்திருக்க வேண்டிய இடம் என்றுதான் நினைத்தேன். அதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பல வருஷம் கழித்து ஒரு டிவி பேட்டியில் அவரிடம் அந்த ஊதலைப் பற்றிக் கேட்டார்கள்.

"கம்பத்துல ஒரு பொண்ணு சொல்லிக் கொடுத்தா. கையெல்லாம் மருதாணி. அந்தக் கை இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. பேர்தான் கேக்காம வந்துட்டேன்."

அடுப்படியிலிருந்து தோசைக் கரண்டியோடு ஓடி வந்து டிவி முன்னால் நின்றேன்.

"முருகேஸ்வரிங்க!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவருக்குத்தான் கேட்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. சென்னை ரொம்பத் தூரம்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

இப்போதும் அந்த நடிகை டிவியில் வந்துவிட்டால் போதும், என் மகள் கத்துவாள்: "எம்மா, ஓடியா! அவுக வந்துட்டாக, பேரச் சொல்லு!"

வீடே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டேதான் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போகிறேன். போய்ச் சொல்கிறேன்.