ரெண்டே நிமிசமுங்க

காலையில் அபிநயாவின் போன் அடித்தது. இளஞ்செழியன் எழுந்தான். அந்தப் போனின் பூட்டைத் திறக்க அவனுக்குத் தெரியாது. அலாரத்தை அன்றைக்கு மட்டும் நிறுத்தலாம், ஒரேயடியாக நிறுத்த முடியாது. அது அடிப்பதற்காகவே தினமும் படுக்கும்போது அதற்குச் சார்ஜ் போடுகிறான். மோட்டார் போட்டான். குளித்தான். கடை மாவில் நாலு தோசை ஊற்றி மூன்றைத் தின்றான். வீட்டைப் பூட்டிய பிறகு, கேஸை மூடினோமா என்று திறந்து பார்த்தான். மூடித்தான் இருந்தது.

சங்ககிரி பைபாஸ் ஓரத்தில் ஒரு லாரி நின்றது. பின்னால் விளக்கில்லை, சிவப்பு ஸ்டிக்கர் இல்லை, ஒரு வேப்பங்கொத்துகூட ஒடித்து வைக்கவில்லை. தினமும் ஒன்று நிற்கும். இப்படி நின்ற ஒன்றின் மேல்தான் போன வருசம் ஒரு ராத்திரி அபிநயாவின் ஸ்கூட்டர் மோதியது. இளஞ்செழியன் வேகத்தைக் குறைத்துச் சுற்றிக்கொண்டு போனான்.

லாரி உரிமையாளர் சங்கத்தில் அவன் மேலாளர். வருசத்துக்கு ஒருமுறை 'போக்குவரத்துத் தொழிலும் அரசுக் கொள்கையும்' என்று சங்கம் ஒரு கருத்தரங்கு நடத்தும். இந்த வருசம் ஏழு தீர்மானங்கள். ஏழாவதை அவனே எழுதிச் சேர்த்திருந்தான்: பைபாஸ் ஓரத்தில் லாரி நிறுத்தக் கூடாது, விளக்குப் போட்ட தனி இடம் வேண்டும். சங்கம் ஒப்புக்கொண்டால் இடம் தரத் தயார் என்று நெடுஞ்சாலை அதிகாரி சொல்லியிருந்தார். கையெழுத்துப் போட நேரிலேயே வருகிறார். கூட்டம் ஏழாவதுவரை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வருசமும் அது மூன்றாவதைத் தாண்டியதில்லை.

அதனால்தான் காசு கொடுத்து ஒரு நெறியாளரை வைக்கலாம் என்றான். தலைவர் சின்னண்ணனுக்கு விளங்கவில்லை.

"மைக்கப் புடிக்கறதுக்கு மெட்ராஸ்ல இருந்து ஆளா? நம்ம அபிநயாப் புள்ள மூணு வருசம் சும்மாவே நடத்திக் குடுக்கலையா?"

"சும்மா நடத்துனதாலதாங்க அவ பேச்ச யாரும் கேக்கல."

அபிநயா கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவள். அவள் மணியடித்தால், "இரு சாமி, ரெண்டே நிமிசம்" என்பார்கள். நம்ம வீட்டுப் பெண்ணிடம் என்ன கூச்சம்? கூட்டம் முடிந்ததும் ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்புவார்கள். வீட்டில் இரண்டு இருக்கின்றன.

நெறியாளர் கிருத்திகா போனில் முதலில் கேட்டது இதுதான்: "இந்த மாநாட்டுல இருந்து உங்களுக்கு என்ன கிடைக்கணும் சார்?"

"ஏழாவது தீர்மானம்."

"பேச்சாளர் நேரம் தாண்டினா?"

"நிறுத்தணும்."

"நயமாவா, கண்டிப்பாவா?"

"நிறுத்தணுங்க."

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு சின்னப் பிரச்சினை. மேடையில், நெறியாளர் மேசைக்குப் பக்கத்தில், அபிநயாவின் படம். மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள்.

"இதெதுக்குங்க?"

"அதெப்படி சாமி உடறது? ஒரு நிமிசம் மௌன அஞ்சலி. அப்புறம் உன்ற மேடம் பாத்துக்கட்டும்" என்றார் சின்னண்ணன்.

அஞ்சலி சரியாக ஒரு நிமிடத்தில் முடிந்தது. அன்றைக்கு நேரத்துக்கு முடிந்தது அது ஒன்றுதான்.

முதல் பேச்சாளர் டயர்க்கடை குழந்தைவேல். நேரம் முடிந்ததும் கிருத்திகா மணியடித்தாள். குழந்தைவேல் அவளைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தார். "அந்தப் புள்ள இருந்திருந்தா..." என்று துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அழுகிற மனுசனுக்கு மணியடிப்பது எப்படி என்று எந்த நெறியாளருக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை. துடைத்து முடித்தவர் டயர் விலைக்குத் திரும்பி இன்னும் கால் மணி நேரம் பேசினார்.

அடுத்தவருக்கு வழி தெரிந்துவிட்டது. மணியடிப்பதற்கு முன்பே அவர் அழுதார்.

டீ இடைவேளையில் கிருத்திகா இறங்கி வந்தாள். "சார், அந்த போட்டோ..."

"எடுத்தர்றேன்."

"உங்க மனைவின்னு சொன்னாங்க."

"ஆமாங்க."

படத்தைத் தூக்கிப்போய்ச் சாப்பாட்டுக் கூடத்தில் மோர் அண்டாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தான்.

இடைவேளை முடிந்ததும் ரகளை. "எவன்டா படத்தை எடுத்தது?"

"எங்க புள்ளைய மோருக்குக் காவல் வெச்சவன் எவன்?"

எடுத்தது அவள் புருசன் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கே ஆறுதல் சொன்னார்கள். படம் இன்னும் பெரிய மாலையோடு மேடைக்குத் திரும்பியது. மறுபடி மௌன அஞ்சலி. இந்த முறை இரண்டு நிமிடம், அவமானத்துக்கும் சேர்த்து.

கிருத்திகா யோசித்தாள். "அஞ்சலிக்குன்னு தனியா இருபது நிமிஷம் தர்றேன். அதுக்கப்புறம் தீர்மானம் மட்டும்தான். பேச விரும்பறவங்க கை தூக்குங்க."

மண்டபமே கை தூக்கியது. சமையல்காரர் கரண்டியோடு தூக்கினார்.

குழந்தைவேல் முந்திக்கொண்டார். "கடைசியா அந்தப் புள்ள என்கிட்டச் சொன்னது இன்னும் காதுல நிக்குதுங்க. 'டயருக்கு வரியக் கொறைக்கச் சொல்லுங்கண்ணா'ன்னுச்சு."

கைதட்டல்.

பைனான்ஸ் அருணகிரி எழுந்தார். "அதுக்குப் பொறகு என்கிட்டத்தானுங்க பேசுச்சு. 'எல்லாரையும் தவணைய ஒழுங்காக் கட்டச் சொல்லுங்கண்ணா'ன்னு."

"யோவ், செத்துப்போன புள்ள வாயில தவணையத் திணிக்கறயா?"

"நீ வரியத் திணிக்கலையா?"

நாற்காலிகள் புரண்டன. கிருத்திகா அடித்த அடியில் மணியின் நாக்கு கழன்று விழுந்தது. அதை அவள் மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தபோது நெடுஞ்சாலை அதிகாரி எழுந்தார். அவருக்குத் திருச்செங்கோட்டில் வேறு கூட்டம்.

இளஞ்செழியன் வாசலுக்கு ஓடினான். "சார், ஏழாவது மட்டும். படிக்க அரை நிமிசங்கூட ஆகாது."

"நான் தயாருங்க. உங்க தலைவர் சரின்னு சொன்னா இங்கயே கையெழுத்துப் போடறேன்."

சின்னண்ணன் மைக்கைப் பிடித்தார். சத்தம் அடங்கியது.

"ஏழாவத அடுத்த வருசம் பாத்துக்கலாம். சோறு ஆறுது. புள்ள கடைசியா என்ன சொல்லுச்சுன்னு நமக்குள்ள எதுக்குச் சண்டை? அதோட புருசனே வந்து சொல்லட்டும். கேட்டுப்போட்டுச் சாப்பிடப் போலாம். வா சாமி, ரெண்டே நிமிசம்."

இளஞ்செழியன் மேடையேறினான். கிருத்திகா பழக்கத்தில் கடிகாரத்தை இரண்டு நிமிடத்துக்குத் திருப்பி வைத்தாள். அவன் படத்தைப் பார்க்கவில்லை. அழவும் இல்லை.

"போன வருசம் அன்னைக்கும் இதே கூட்டந்தானுங்க, இதே மண்டபம். நான் சங்க ஆபீசுல இருந்தேன். பொழுதோட முடியறதா இருந்துது. நல்லா இருட்டுனதுக்கப்புறம், அந்தத் திரைக்குப் பின்னால நின்னுட்டு எனக்குப் போன் பண்ணுனா. தலைவர் மைக்குல 'ரெண்டே நிமிசம்'னு சொன்னது எனக்கும் கேட்டுது."

சின்னண்ணன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வாசலில் அதிகாரி நின்றுவிட்டார்.

"என்ன சாமி சொல்லுச்சு?" என்று கரண்டியோடு நின்ற சமையல்காரர் கேட்டார்.

அவள் சொன்ன மாதிரியே, கொஞ்சம் சிரிப்போடு, இளஞ்செழியன் சொன்னான்:

"இவங்கெல்லாம் பேசி முடிக்கறதுக்குள்ள என்ற உசுரு போயிருமுங்க."