நாற்காலி ஆறாமல் இருக்க

எங்கள் நாட்டு அரசியல் சட்டத்தைப்போல இரக்கமுள்ள ஒன்றை யாரும் எழுதியதில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூன்று முறை இருந்துவிட்டால், 'போதும் மகனே, களைத்திருப்பாய், ஒரு தவணை படுத்துவிட்டு அப்புறம் வா' என்று சொல்கிறதே, வேறெதற்கு இந்தத் தாய்மனம் வரும்?

இப்படி நான் மனதுக்குள் உருகிக்கொண்டிருந்தபோது என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையத் தூக்கு லிட்டா. போட்டோ எடுக்கணும்."

ஞாயிறு பூசை முடிந்து மாமியார் வீட்டில் விருந்து. மாமியார் எங்கள் மாகாணத்தின் முன்னாள் ஆளுநர், ஊரின் இந்நாள் மேயர். அதிகாரம் ஒரே ஆளிடம் தங்கிவிடக் கூடாது என்பதில் மக்சாலின் என்ற எங்கள் குடும்பத்துக்கு அசைக்க முடியாத கொள்கைப் பிடிப்பு உண்டு. அதனால்தான் ஒருவர் எழுந்த உடனே இன்னொருவர் உட்கார்ந்துவிடுகிறோம். இடையில் வெளியாள் யாராவது உட்கார்ந்தால் நாற்காலி ஆறிவிடும். என் கணவர் டுல்ஃபிங்குக்கு மூன்று முறை முடிகிறது. 'காங்கிரஸ்மேன்' என்பதைச் சுருக்கி ஊரெல்லாம் 'காங்' என்று கூப்பிடும் அவர் மூன்று வருடம் 'ஓய்வெடுக்க', நாற்காலியை நான் சூடாக வைத்திருக்க வேண்டும்.

புகைப்படக்காரன் போயெத் பேனரின் அமைப்பை விளக்கினான்.

"காங் முகம் பெருசா வரும் மேடம். உங்க முகம் அவரு காதுக்குப் பக்கத்துல."

"வேட்பாளர் யாரு போயெத்?"

"நீங்கதான் மேடம்."

"ஜனங்க குழம்பிடக் கூடாதில்ல," என்றார் கணவர் பரிவோடு.

பேனர் விஷயத்தில் எங்கள் மாகாணம் குழம்பியதே இல்லை. கூடைப்பந்து மைதானத்தின் கூரை, ஆம்புலன்ஸ், அரிசி மூட்டை, எதைப் பார்த்தாலும் அவர் முகம் இருக்கும். போன மார்ச்சில் மட்டும் ஒரு சிறு பிசகு. பட்டமளிப்பு விழாவுக்கு அடித்த பேனரை அவசரத்தில் துக்க வீட்டில் கட்டிவிட்டார்கள். 'கடின உழைப்பால் உயர்ந்தாய், வாழ்த்துகள்!' என்று சவப்பெட்டிக்கு மேலே காங் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவர் தலைநகரில். அங்கே உட்கார்ந்திருந்தது நான். அந்த விதவை கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிரோட இருந்தப்ப அந்த மனுஷன யாருமே பாராட்டினதில்ல மேடம்," என்று அழுதாள். நானும் அழுதேன். அவள் புருஷன் பெயர் எனக்குத் தெரியாது.

அவர் முதல்முறை ஜெயித்தபோதே என் கை பொதுச் சொத்தாகிவிட்டது. எத்தனை கல்யாணங்களில் சாட்சியாக நின்று மணமக்களுக்கு ஞானத்தாய் ஆனேன் என்று எனக்கே தெரியாது. சந்தையில் மீன் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஆட்கள் அந்த ஈரக் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்து ஆசி வாங்கிப்போகிறார்கள்.

அதற்கு முன்பு அது சுண்ணாம்புக்கட்டி பிடித்த கை. உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். முதல் தேர்தலின்போது, "மூணே தடவதான் லிட்டா. அதுக்கு மேல சட்டமே விடாது. அப்புறம் நீ பள்ளிக்கூடம் போ," என்று சொன்னார். மற்றவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்திருப்பார்கள். நான் அதை நம்பினேன். போன வெள்ளிக்கிழமை பழைய பள்ளியின் தலைமையாசிரியையிடம், ஜூனில் வருகிறேன் என்று சொல்லியும் விட்டேன்.

"எதுக்கு யோசிக்கிற?" என்றார் மாமியார், பன்றித்தோலை மொறுமொறுவென்று கடித்தபடி. "சும்மா உக்காரப் போற, அவ்வளவுதானே?"

"சபையில பேசணுமே அத்தை?"

"எதுக்கு? இவன் பேசினானா?"

கணவர் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"நீங்க அந்த மூணு வருஷம் என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"ஓய்வுதான். சண்டைச் சேவலுங்கள கவனிக்கணும். சட்டம் சொல்லுதுல்ல, மதிக்க வேண்டாமா?"

"அப்ப சாவு வீடு, கல்யாண வீடெல்லாம்?"

"அதுக்குத்தான் நீ இருக்கியே!"

போயெத் கேமராவைத் தூக்கினான். "மேடம், சிரிங்க. ஒண்ணு... ரெண்டு..."

கணவர் என் கையை உயர்த்தினார். எங்கள் ஊரில் அப்படிக் கை உயர்ந்துவிட்டால் வேட்பாளர் முடிவானதாக அர்த்தம், அதன்பின் பேச்சில்லை. தோள்வரை வந்த கை அங்கே நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான் என்பது எனக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

"என்னாச்சு?"

"எனக்கும் மூணு தடவ முடிஞ்சிருச்சுங்க."

"நீ எங்க ஜெயிச்ச?"

"ஜெயிக்கல. வேலை மட்டும் பாத்தேன். தொடர்ந்து நாலாவது தடவ கூடாதாம். நம்மளது சட்டத்த மதிக்கிற குடும்பம்."

அவர் பிடி தளர்ந்தது. கையை இறக்கிக்கொண்டேன். தட்டில் சேமியா ஆறிப்போயிருந்தது. அதன்மேல் ஒரு சின்ன எலுமிச்சையைப் பிழிந்தேன்.

"விளையாடாதடி. அடுத்த மாசம் மனு போடணும்," என்றார் மாமியார். முதல்முறையாக அவர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். "நாற்காலி ஆறிடும்."

"ஆறட்டும் அத்தை," என்றேன். "அப்பத்தானே வேற யாராச்சும் அத தொட முடியும்."